ஹார்ட் டிஸ்க் திடீரென செத்துப் போவது ஏன்? 'டிக்... டிக்...' சத்தம் கேட்டால் செய்யவே கூடாதவை என்ன? - முழு விளக்கம்

"நேத்து ராத்திரி கூட நல்லாத்தானே ஓடுச்சு?"

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. காலையில் ஆன் செய்தால் கருப்புத் திரை. உள்ளேயிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். மகளின் கல்யாண போட்டோ, 10 வருடக் கடைக் கணக்கு, பாதி முடித்த ஆய்வேடு என எல்லாமே அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான். வேறு எங்கும் காப்பி இல்லை.

அடுத்து என்ன நடக்கும்? நான்கைந்து முறை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள். லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். "ஃப்ரீசர்ல வச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் அதையும் செய்வார்கள். பிழைத்திருக்க வேண்டிய டேட்டா பல நேரங்களில் உண்மையிலேயே சாவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

ஹார்ட் டிஸ்க் ஏன் பழுதாகிறது? எந்தப் பழுதில் டேட்டாவை மீட்கலாம், எதில் முடியாது? விரிவாகப் பார்ப்போம்.

வானில் இருந்து விழுந்த ஹார்ட் டிஸ்க்

2003 பிப்ரவரி 1. கல்பனா சாவ்லா உட்பட 7 விண்வெளி வீரர்களுடன் பூமிக்குத் திரும்பிக் கொண்டிருந்த கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறியது. விண்கலத்தில் இருந்த ஓர் அறிவியல் கருவியின் ஹார்ட் டிஸ்க், சில மாதங்கள் கழித்து வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் கிடைத்தது. பார்ப்பதற்கு உருகிக் கருகிய உலோகக் கட்டி போலத்தான் இருந்தது.

அதை டேட்டா மீட்பு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். அதில் இருந்த தகவல்களில் சுமார் 99 சதவீதம் மீட்கப்பட்டது. செனான் வாயு பற்றிய அந்த ஆய்வின் முடிவுகள் 2008-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தன.

வானத்தில் இருந்து விழுந்த டிரைவில் டேட்டா பிழைத்தது. மேஜையில் இருந்து விழுந்த டிரைவில் போய்விடுகிறது. இது எப்படி?

டேட்டா பதிவாகி இருப்பது உள்ளே இருக்கும் வட்டத் தட்டின் மேற்பரப்பில். கொலம்பியா டிரைவின் தட்டில் தூசி புகுந்து சில இடங்கள் சேதமாகி இருந்தன. ஆனால், டேட்டா எழுதப்பட்ட பகுதி அந்த இடங்களில் இல்லை. தட்டு தப்பித்ததால் டேட்டாவும் தப்பித்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே எளிதாகப் புரியும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ஹார்ட் டிஸ்க்கின் மூடிக்குள் கண்ணாடி போல பளபளக்கும் ஒன்று அல்லது பல தட்டுகள் இருக்கும். அலுமினியம் அல்லது கண்ணாடியால் ஆன இந்தத் தட்டுகளின் மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு இருக்கும். டேட்டா அந்தப் பூச்சில்தான் பதிவாகிறது.

டெஸ்க்டாப் டிரைவ்களில் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 120 சுற்று. தட்டின் வெளி விளிம்பு நகரும் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும்.

இந்த வேகத்தில் சுற்றும் தட்டின் மேல் 'ஹெட்' எனப்படும் சின்னஞ்சிறு முனை, காற்று மெத்தையில் மிதந்தபடி டேட்டாவைப் படிக்கும், எழுதும். தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். மனிதத் தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். தலைமுடியை விடுங்க, கண்ணுக்கே தெரியாத ஒரு தூசு கூட அந்த இடைவெளிக்கு மலை மாதிரி.

சரி, இது எப்படியெல்லாம் பழுதாகும்?

காரணம் 1: ஓடும்போது விழும் அடி

ஹார்ட் டிஸ்க் சுற்றிக் கொண்டிருக்கும்போது இடித்தாலோ விழுந்தாலோ ஹெட் தட்டில் மோதும். இதைத்தான் 'ஹெட் கிராஷ்' என்கிறார்கள். காந்தப் பூச்சு சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த டேட்டாவை யாராலும் மீட்க முடியாது. சுரண்டிய தூள் உள்ளேயே பறந்து மற்ற இடங்களையும் கீறும்.

டிரைவ் ஓடாத நேரத்தில் ஹெட் தட்டை விட்டு விலகி, ஓரத்தில் உள்ள சரிவு மேடையில் போய் நின்றுவிடும். அதனால்தான் ஆஃப் ஆகி இருக்கும் டிரைவ், ஓடும் டிரைவை விட பல மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி வயரோடு மடியில் வைத்துக்கொண்டு படம் பார்ப்பது, காப்பி ஆகிக் கொண்டிருக்கும்போதே அதை எடுத்து வேறு இடத்தில் வைப்பது, வயரில் கால் தட்டி கீழே இழுப்பது - ஹெட் கிராஷுக்கு இதெல்லாம் நேரான வழி.

சத்தம் கூட ஹார்ட் டிஸ்க்கைக் கெடுக்குமா?

கெடுக்கும். 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. தீயை அணைக்கும் வாயு பீறிட்டு வெளியேறிய பலத்த சத்தத்தின் அதிர்வில் ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாயின. சுமார் 10 மணி நேரம் ஏடிஎம், கார்டு சேவைகள் முடங்கின.

2022-ல் மைக்ரோசாப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் பகிர்ந்த தகவல் இன்னும் விசித்திரம். ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாட்டை ஓடவிட்டால் சில பழைய லேப்டாப்கள் செயலிழந்தன. பக்கத்தில் இருந்த வேறொரு லேப்டாப்பும் சேர்ந்து நின்றுபோனது. பாட்டில் இருந்த ஓர் ஒலி அலைவரிசை, அந்த லேப்டாப்களில் இருந்த 5,400 சுற்று ஹார்ட் டிஸ்க்கின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனதே காரணம். இது அதிகாரப்பூர்வ பாதுகாப்புக் குறைபாடாகவும் பதிவு செய்யப்பட்டது.

வீட்டில் இந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் மேலேயே ஹார்ட் டிஸ்க்கை வைக்கிறீர்கள் என்றால், இடத்தை மாற்றுவது நல்லது.

காரணம் 2: தேய்மானம்

எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் இது ஓர் இயந்திரம். சீலிங் ஃபேன் பேரிங் போல இதன் மோட்டார் பேரிங்கும் ஒரு நாள் இறுகும். அப்போது தட்டு சுற்றாது. 'ங்ங்' என்ற முனகலோ, 'பீப்' போன்ற மெல்லிய சத்தமோ மட்டும் கேட்கும். சில நேரம் ஹெட் ஓரத்துக்குப் போகாமல் தட்டிலேயே ஒட்டிக்கொண்டாலும் இதே சத்தம் வரும்.

சிசிடிவி டிவிஆர் பெட்டியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும். இதற்கென்றே தனி ரக டிரைவ்கள் விற்கிறார்கள். காசு மிச்சம் என்று சாதாரண டெஸ்க்டாப் டிரைவைப் போட்டால், கடையில் திருட்டு நடந்த அன்று பார்த்து ரெக்கார்டிங் இல்லாமல் போகலாம்.

காரணம் 3: பேட் செக்டார்

தட்டின் பரப்பு மிகச் சிறிய கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு செக்டார். பழைய டிரைவ்களில் ஒரு செக்டாருக்கு 512 பைட், புதியவற்றில் 4,096 பைட்.

நாளடைவில் சில செக்டார்களைப் படிக்க முடியாமல் போகும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு டிரைவிலும் உதிரி செக்டார்கள் இருக்கும். கெட்டுப்போன கட்டத்தை ஒதுக்கிவிட்டு உதிரியைப் பயன்படுத்திக்கொள்ளும். இது உங்களுக்குத் தெரியாமலேயே நடக்கும்.

ஒன்றிரண்டு செக்டார் போவது பெரிய விஷயம் இல்லை. எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் அது அபாய மணி. ஒரு ஃபோல்டரைத் திறக்க நிமிடக் கணக்கில் ஆவது, காப்பி செய்யும்போது ஒரே சதவீதத்தில் நின்றுவிடுவது எல்லாம் இதன் அறிகுறிகள். "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்று பலர் நினைக்கும் பிரச்சனை பல நேரம் இதுதான்.

காரணம் 4: கரண்ட்

ஹார்ட் டிஸ்க்கின் அடியில் பச்சை அல்லது நீல நிறத்தில் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். வோல்டேஜ் எகிறினால் முதலில் அடி வாங்குவது இதுதான். மலிவான எஸ்எம்பிஎஸ், எர்த் இல்லாத பிளக் பாயின்ட், இடி மின்னல் எல்லாமே காரணம் ஆகலாம்.

இன்னொரு அடிக்கடி நடக்கும் தவறு, அடாப்டர் மாறிப் போவது. 12 வோல்ட்டில் ஓடும் எக்ஸ்டர்னல் டிரைவில், பின் பொருந்துகிறதே என்று 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரைச் செருகிவிடுவார்கள். அவ்வளவுதான், டிரைவில் மூச்சுப் பேச்சு இருக்காது.

ஆனால் இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பல டிரைவ்களின் போர்டில், அதிக வோல்டேஜ் வந்தால் தானே பலியாகி மற்ற பாகங்களைக் காப்பாற்றும் ஒரு சின்ன டையோடு இருக்கும். தட்டு பத்திரமாக இருப்பதால் டேட்டாவை மீட்கும் வாய்ப்பு அதிகம். ஆனால், "அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினா போதும்" என்பது இப்போது பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிரைவின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏற்ற தனித் தகவல்கள் அந்தப் போர்டில் உள்ள சிப்பில் பதிவாகி இருக்கும். அதையும் சேர்த்து மாற்றினால்தான் வேலை செய்யும்.

திடீர் பவர் கட் வந்தால் என்ன ஆகும்? தட்டு சுற்றிக்கொண்டிருக்கும் வேகத்தில் இருந்தே மின்சாரத்தை எடுத்து, ஹெட்டை ஓரத்துக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு டிரைவில் உண்டு. அதனால் ஒரு பவர் கட்டில் தட்டு கீறிப் போவது அரிது. ஆனால், அந்த நொடியில் எழுதிக் கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்று கெட்டுப்போகும். தினமும் இப்படி நடந்தால் ஹெட்டும் தேயும். 10 நிமிடம் தாங்கும் ஒரு யுபிஎஸ் இருந்தாலே இந்தப் பிரச்சனை பெருமளவு தீரும்.

காரணம் 5: சூடு, ஈரம், தூசி

"சூடானா ஹார்ட் டிஸ்க் போயிடும்" என்பது பொதுவான நம்பிக்கை. 2007-ல் கூகுள் நிறுவனம் தன்னிடம் இருந்த 1 லட்சத்துக்கும் அதிகமான டிரைவ்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு சற்று வேறு மாதிரி இருந்தது. நினைத்த அளவுக்கு வெப்பநிலைக்கும் பழுதுக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. மிக அதிக வெப்பத்திலும் வயதான டிரைவ்களிலும்தான் பாதிப்பு தெரிந்தது.

ஆனால் அது குளிரூட்டப்பட்ட டேட்டா சென்டர் கணக்கு. ஏப்ரல், மே வெயிலில், தூசி அடைத்த சிபியு பெட்டிக்குள் இருக்கும் டிரைவுக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பாலான டிரைவ்களுக்கு நிறுவனங்கள் சொல்லும் உச்ச வரம்பு 60 டிகிரி செல்சியஸ். அதைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

கடலோர ஊர்களில் ஈரக்காற்று இன்னொரு எதிரி. சர்க்யூட் போர்டின் தொடுமுனைகள் நாளடைவில் கறுத்து, தொடர்பு விட்டுப்போகும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். வடிகட்டி வழியாக உள்ளே வெளியே காற்றழுத்தத்தைச் சமப்படுத்தும் ஓட்டை அது. 'இதை மூடாதே' என்று பக்கத்திலேயே எழுதியும் இருக்கும். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது.

வெள்ளத்தில் நனைந்த டிரைவும் இந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும். காய்ந்துவிட்டது என்று நினைத்து ஆன் செய்தால், தட்டில் படிந்த சேறு ஹெட்டில் சிக்கி மொத்தத்தையும் கீறிவிடும். நனைந்த டிரைவை ஹேர் டிரையரில் காயவைப்பதோ, அரிசிக்குள் புதைப்பதோ வேண்டாம். கவரில் போட்டு மூடி, அப்படியே மீட்பு மையத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

காரணம் 6: உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர்

ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளேயே தனியாக ஒரு சாஃப்ட்வேர் உண்டு. பெயர் ஃபர்ம்வேர். அதில் பிழை இருந்தால், எல்லா பாகமும் நன்றாக இருந்தும் டிரைவ் வேலை செய்யாது.

2009 தொடக்கத்தில் சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 ரக டிரைவ்கள் சில இப்படித்தான் திடீரென பூட்டிக்கொண்டன. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியவில்லை. ஃபர்ம்வேர் கோளாறு என்று ஒப்புக்கொண்ட நிறுவனம், திருத்தத்தை இலவசமாக வெளியிட்டது. டேட்டா எல்லாம் உள்ளே அப்படியே இருந்தது, திறக்கத்தான் வழி இல்லாமல் இருந்தது.

காரணம் 7: நாம்தான்

டிரைவில் எந்தக் கோளாறும் இல்லாமலே டேட்டா போவதும் உண்டு. டி டிரைவுக்குப் பதில் இ டிரைவை ஃபார்மேட் செய்வது, விண்டோஸ் போடும்போது பார்ட்டிஷனை அழிப்பது, பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் வைரஸ் எல்லாம் இந்த வகை.

தவறுதலாக அழித்த ஃபைல், அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் இருக்கும். எனவே தவறு தெரிந்த நொடியே அந்த டிரைவைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். மீட்பு சாஃப்ட்வேரை அதே டிரைவில் இன்ஸ்டால் செய்தால், எதை மீட்க நினைத்தீர்களோ அதன் மேலேயே அது எழுதப்படலாம்.

எஸ்எஸ்டி வாங்கினால் தப்பிக்கலாமா?

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டோ, ஹெட்டோ கிடையாது. கீழே விழுந்தால் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் அதுவும் சாகும், அதுவும் சத்தமே இல்லாமல்.

அதில் உள்ள மெமரி செல்களில் இத்தனை முறைதான் எழுத முடியும் என்ற வரம்பு உண்டு. வரம்பை எட்டும் முன்பே கன்ட்ரோலர் சிப் போய்விடுவதும் உண்டு. அழித்த ஃபைலின் இடத்தை 'டிரிம்' என்ற வசதி உடனே துடைத்துவிடுவதால், ஹார்ட் டிஸ்க்கில் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு எஸ்எஸ்டியில் பெரும்பாலும் கிடைக்காது. வருடக்கணக்கில் கரண்ட் கொடுக்காமல் அலமாரியில் வைத்தாலும் டேட்டா மெல்ல மங்கும்.

2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. அதன் சர்வர்களில் இருந்த சில எஸ்எஸ்டிக்கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும் என்றது அந்த அறிவிப்பு. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஃபர்ம்வேர் பிழையே காரணம். அப்படி நின்றுபோன பின் டேட்டாவை மீட்க முடியாது என்றும், ஒரே நேரத்தில் மாட்டியவை கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்விடும் என்றும் எச்சரித்தது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எல்லா டிரைவிலும் 'ஸ்மார்ட்' என்ற சுய பரிசோதனை வசதி உண்டு. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச சாஃப்ட்வேரில் இதைப் பார்க்கலாம். நீல நிறத்தில் 'குட்' என்றால் நலம். மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் அன்றே பேக்கப் எடுத்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ரீஅலோகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார், அன்கரெக்டபிள் செக்டார். இவற்றின் எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது.

ஸ்கேன் செய்யும்போது முதல் பிழை தென்பட்ட டிரைவ்கள், பிழை இல்லாதவற்றை விட அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்கிறது அதே கூகுள் ஆய்வு. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. பழுதான டிரைவ்களில் 56 சதவீதத்துக்கும் அதிகமானவை, முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக் கூடக் காட்டவில்லை.

அதாவது, எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வரவில்லை என்பதற்காக நிம்மதியாகத் தூங்க முடியாது.

பெட்டியில் எழுதியிருக்கும் கணக்கும் அப்படித்தான். 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் 114 வருடம்! ஆனால் 2007-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஆண்டுக்கு 100-ல் 2 முதல் 4 டிரைவ்கள் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 வரை போனது. நிறுவனங்களின் கணக்குப்படி ஆண்டுக்கு 100-ல் ஒன்று கூடப் பழுதாகி இருக்கக் கூடாது.

சத்தம் கேட்கிறது... உடனே என்ன செய்ய வேண்டும்?

'டிக் டிக்', உரசல், முனகல் என எந்த விநோத சத்தம் வந்தாலும் முதல் வேலை, பவரை நிறுத்துவது. ஹெட் உடைந்திருந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது தட்டைச் சுரண்டும். நொடிக்கு 120 சுற்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு நிமிடம் ஓடினாலே 7,200 சுற்று.

செய்யவே கூடாதவை:

* திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்வது.

* தட்டுவது, குலுக்குவது. ஒட்டியிருக்கும் ஹெட் பிய்ந்து போகும்.

* ஃப்ரீசரில் வைப்பது. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் நீர்த்துளி கோர்க்கும்.

* மூடியைத் திறந்து பார்ப்பது. வீட்டுக் காற்றில் உள்ள தூசியே போதும், தட்டைக் கெடுக்க. மீட்பு மையங்கள் தூசியில்லா அறையில்தான் திறப்பார்கள்.

* 'செக் டிஸ்க்' ஓட்டுவது. அது கெட்டுப்போன டிரைவிலேயே திருத்தி எழுதும், நிலைமையை மோசமாக்கும்.

சத்தம் எதுவும் இல்லை, டிரைவும் கம்ப்யூட்டரில் தெரிகிறது, ஆனால் ரொம்ப ஸ்லோ என்றால்? மொத்தத்தையும் காப்பி செய்ய முயலாமல், உயிரான ஃபைல்களை முதலில் வேறு டிரைவுக்கு எடுங்கள். சினிமா படங்கள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்குக் கொண்டு போனால் ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல்ல டிரைவை அப்படியே இமேஜ் எடுத்துட்டு, அதுலேர்ந்து மீட்பீங்களா?" ஆமாம் என்றால் தொழில் தெரிந்தவர். "நேரா இதுலேயே ரிப்பேர் போட்டு பார்க்கலாம் சார்" என்றால் அங்கே கொடுக்காமல் இருப்பது நல்லது. டிரைவில் ஒரே ஒரு காப்பிதான் இருக்கிறது என்பதையும், இதுவரை நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு போனால், டிரைவ் நன்றாக இருந்தாலும் ரெக்கவரி கீ இல்லாமல் திறக்க முடியாது. அந்த எண் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்போ இதற்குத் தீர்வுதான் என்ன?

டிரைவ் சாவதைத் தடுக்க முடியாது. தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். டேட்டா சாவதைத் தடுக்க முடியும். அதற்கு '3-2-1' என்ற எளிய கணக்கு உண்டு.

முக்கியமான டேட்டா 3 காப்பி இருக்க வேண்டும். அவை 2 வேறு வகை சாதனங்களில் இருக்க வேண்டும். அதில் 1 காப்பி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உதாரணமாக, லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ ஊரில் அண்ணன் வீட்டு அலமாரியிலோ ஒன்று. வெள்ளம், தீ, திருட்டு எது வந்தாலும் மூன்றும் ஒன்றாகப் போகாது.

இடம் போதாமல் போனில் இருந்த போட்டோக்களை எக்ஸ்டர்னல் டிரைவுக்கு மாற்றிவிட்டு போனில் அழித்துவிட்டால், அது பேக்கப் ஆகாது. அப்போதும் ஒரே ஒரு காப்பிதான். இடம்தான் மாறியிருக்கிறது. அதேபோல பேக்கப் டிரைவை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தால், வைரஸும் வோல்டேஜும் இரண்டையும் சேர்த்தே கொண்டு போய்விடும். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்கள் தவறான ஒரு கட்டளையால் மளமளவென அழிந்தன. பேக்கப்பைத் தேடினால், அது சரியாகவே பதிவாகவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டில் இருந்து வேலை பார்த்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. அதை வைத்துத்தான் படத்தைக் காப்பாற்றினார்கள்.

கடையில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் கிடைக்கும். தாத்தாவின் கடைசி பிறந்தநாள் வீடியோ எந்தக் கடையிலும் கிடைக்காது. இதைப் படித்து முடித்ததும், தொலைந்தால் தாங்கவே முடியாது என்று நீங்கள் நினைக்கும் ஒரே ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, இன்றைக்கே இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். மற்றவற்றை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.